வெள்ளி மலையும் வேலையாட்களும்



மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களாகிய நாம் பணத்தை ‘வெள்ளி’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். சம்பளம் இத்தனை வெள்ளி, கடைக்கடன் இத்தனை வெள்ளி என்கிறோம். கையில் இருப்பதோ நோட்டு. மலாய்க்காரர்கள் ‘ரிங்கிட்’ என்கிறார்கள். ஓரம் பல் பல்லாக வெட்டப்பட்டிருப்பது என்பது அந்தச் சொல்லின் பொருள். இரண்டு சொற்களும் ஒருவகை நாணயத்தைப் பார்த்துப் பிறந்தவை. அதுதான் ஸ்பெயின் நாட்டு வெள்ளி நாணயம். 1903-ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று சொந்த வெள்ளி நாணயம் வரும் வரையில், இந்த வட்டாரத்துக் கடைவீதிகளில் முதலில் ஸ்பெயினின் வெள்ளியும் பிறகு மெக்சிகோவின் வெள்ளியும் தாராளமாகப் புழங்கின. பினாங்கில் பிரான்சிஸ் லைட், காட்டை வெட்ட ஆட்களுக்கு ஆசை காட்டுவதற்காகப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, அதில் வரும் காசு ஸ்பெயின் காசுதான்.

ஸ்பெயின் எங்கே, பினாங்கு எங்கே? அந்தக் காசு எப்படி இங்கே வந்தது? அதை மண்ணுக்குள்ளிருந்து வெட்டி எடுத்தவர்கள் யார்? இன்றைய உரையில் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

15-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பெயின் என்ற ஒரே நாடு இருக்கவில்லை. காஸ்டில், அரகோன் என்று தனித்தனி அரசுகள் இருந்தன. 1469-ஆம் ஆண்டு காஸ்டிலின் இசபெல்லாவும் அரகோனின் பெர்டினாண்டும் மணம் செய்துகொண்டபின் அவை இரண்டும் ஒரு குடும்பத்தின் கைக்கு வந்தன. தெற்கே கிரனாடாவில் மட்டும் முஸ்லிம் அரசு ஒன்று எஞ்சியிருந்தது. அதுவும் 1492 ஜனவரியில் வீழ்ந்தது.

தலைமுறை தலைமுறையாகப் போர் நடந்த பூமி அது. போரில் வென்ற வீரனுக்கு நிலம் கிடைக்கும். அந்த நிலத்தில் உழைக்கும் குடிகளும் சேர்ந்து கிடைப்பார்கள். அப்படிப் பழகிப்போன ஒரு கூட்டத்துக்கு, 1492-க்குப் பிறகு உள்நாட்டில் வெல்ல வேறு நிலம் இல்லாமல் போயிற்று. பெரிய குடும்பங்களில் சொத்து பெரும்பாலும் மூத்த மகனுக்கே போய்ச் சேரும். இளைய பிள்ளைகளுக்குக் குலப்பெருமை இருக்கும், கைப்பொருள் இருக்காது. மண்ணைத் தொட்டு உழைப்பது கௌரவக் குறைவு என்று நினைத்தவர்கள் அவர்கள். கையில் வாள் இருந்தது, அதற்கு வேலை இல்லை.

இது ஒரு காரணம். இன்னொன்று நம் அடுப்படிக்குப் பழக்கமானது. மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை, சாதிக்காய் ஆகியவற்றுக்கு ஐரோப்பாவில் பொன் விலை. மலபார்க் கரையிலிருந்தும் மாலுக்குத் தீவுகளிலிருந்தும் கிளம்பும் சரக்கு, அரபு வணிகர் கையிலும் வெனிஸ் நகர வணிகர் கையிலும் மாறி மாறிப் போகும்போது, ஒவ்வொரு கையிலும் விலை ஏறியது. 1453-ல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தபின், சரக்கு பிறக்கும் இடத்துக்கே நேராகப் போகும் கடல்வழி வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. பக்கத்து நாடான போர்த்துக்கல் முந்திக்கொண்டது. அதன் கப்பல் 1488-ல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித் திரும்பியது. கிழக்கு வழி அடுத்தவன் கையில். ஸ்பெயினுக்கு எஞ்சியது மேற்குத் திசை.

அப்போதுதான் ஜெனோவாக்காரராகிய கொலம்பஸ், மேற்கே போனாலும் ஆசியாவைத் தொடலாம் என்று இசபெல்லாவின் அவையில் வாதாடிக்கொண்டிருந்தார். பூமி உருண்டை என்பது படித்தவர்களுக்கு அன்றே தெரியும். கொலம்பஸ் தவறியது அதன் அளவில். உள்ளதைவிடப் பூமி மிகச் சிறியது என்று அவர் கணக்குப் போட்டார். அந்தத் தப்புக் கணக்கோடு 3 கப்பல்களில் 1492 ஆகஸ்டில் புறப்பட்டு, அக்டோபர் 12-ஆம் நாள் கரீபியன் வட்டாரத்துத் தீவு ஒன்றில் இறங்கினார். இந்தியாவின் பக்கம் வந்துவிட்டதாக நம்பி, அங்கிருந்த மக்களை ‘இந்தியர்’ என்றார். அந்தப் பெயர் 500 ஆண்டுகளாக அவர்களைவிட்டுப் போகவில்லை.

சமயமும் ஒரு காரணம். அதை வெறும் வேடம் என்று நான் ஒதுக்கமாட்டேன். தம் மதத்தைப் பரப்புவது கடமை என்று மனதார நம்பியவர்கள் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். பின்னால் பூர்வகுடி மக்களுக்காக வாதாடியவர்களும் அவர்களிடையேதான் தோன்றினார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. நம் சரித்திரப் பாடங்களில் அது அதிகமாகச் சொல்லப்படுவதில்லை. ஆகவே சற்று விளக்குகிறேன்.

அமெரிக்காவை வென்ற ஸ்பானியர்கள் அரசரிடம் மாதச் சம்பளம் வாங்கிய படைவீரர்கள் அல்லர். அரசாங்கம் ஒரு தலைவனுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும். கப்பல், உணவு, ஆயுதம் எல்லாவற்றுக்கும் அவனே பணம் திரட்ட வேண்டும். வணிகரிடம் கடன் வாங்குவான், கூட்டாளி சேர்ப்பான். உடன் வரும் வீரனும் தன் சொந்த வாளோடு, முடிந்தால் சொந்தக் குதிரையோடு வருவான், அவனும் பங்காளி. கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால்? கடன் அப்படியே நிற்கும். கடனோடு கப்பலேறியவன் வெறுங்கையோடு ஊர் திரும்ப முடியாது. புதிய தீவில் காலை வைத்ததும் அவன் தங்கத்தை மட்டுமே தேடியதற்கு இது முக்கியக் காரணம்.

கொலம்பஸ் குடியேற்றம் அமைத்த பெரிய தீவுக்கு ஹிஸ்பனியோலா என்று பெயரிட்டார்கள். இன்று ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவு அது. அங்கே வாழ்ந்தவர்கள் தாயினோ மக்கள். மண்ணை மேடு மேடாகக் கூட்டி மரவள்ளி நட்டார்கள். கிழங்கைத் துருவி, பிழிந்து, நச்சுச் சாற்றை நீக்கி, ரொட்டி சுட்டுத் தின்றார்கள். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கால் உயிர் பிழைத்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தக் கிழங்கை முதலில் பயிராக்கியவர்கள் தென் அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள். நம் குழம்பில் போடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவருமுன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதால் அதை மிளகாய் என்றார்கள்.

1495 வாக்கில் கொலம்பஸ் இந்தத் தாயினோ மக்கள்மீது வரி விதித்தார். தங்கம் கிடைக்கும் பகுதியில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், பருந்தின் காலில் கட்டும் சிறுமணி ஒன்று நிறையத் தங்கப் பொடியை 3 மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து தரவேண்டும். தந்தவர் கழுத்தில் அடையாள வில்லை தொங்கவேண்டும். அந்த ஆற்று மணலில் அவ்வளவு தங்கம் இல்லை. மக்கள் பயிரைப் போட்டது போட்டபடி விட்டு மலைக்கு ஓடினார்கள். அதே ஆண்டு சுமார் 500 பேரைப் பிடித்து ஸ்பெயினுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களில் 200 பேர் வழியிலேயே இறந்தார்கள்.

வரி தோற்றதும் வேறு ஏற்பாடு வந்தது. அதன் ஸ்பானியப் பெயர் ‘என்கொமியெண்டா’. ஒப்படைத்தல் என்று பொருள். ஒரு ஸ்பானியருக்கு இத்தனை பூர்வகுடி ஆட்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர் அவர்களைக் காப்பாற்றி, மதம் போதிக்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் அவருக்கு உழைக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. எழுதிக் கொடுத்தது நிலத்தை அன்று, ஆட்களை. நிலம் அங்கே எல்லையில்லாமல் கிடந்தது. உழைக்கும் கை இல்லாமல் நிலத்தாலும் தங்கத்தாலும் பயன் இல்லை என்பதை வந்தவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். ஆண்கள் மாதக்கணக்கில் தங்க ஆற்றில் மண் அரித்தார்கள். பெண்கள் வேறிடத்தில் வயல்வேலை செய்தார்கள். புருஷன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்றால் குழந்தை பிறப்பது எப்படி? பிறந்த குழந்தைக்குப் பால் கொடுப்பது எப்படி? 1514-ஆம் ஆண்டு ஆட்களைப் பங்கிடுவதற்காகக் கணக்கெடுத்தபோது, லட்சக்கணக்கில் மக்கள் வாழ்ந்த அந்தத் தீவில் சுமார் 26,000 பேர்தான் எஞ்சியிருந்தார்கள். பெரியம்மை அந்தத் தீவுக்கு வந்ததோ 1518-ன் இறுதியில்.

இந்த இரண்டு ஆண்டுகளின் வரிசையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பூர்வகுடி மக்கள் அழிந்தது நோயால்தான், அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நோய் மிகப் பெரிய காரணம் என்பதில் சந்தேகமில்லை. பெரியம்மை, தட்டம்மை போன்றவை அந்தக் கண்டத்தில் இருந்ததே இல்லை. ஆகவே அவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. ஆனால் வயிறு நிறைந்து, வீட்டில் படுத்து, தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் அம்மை கண்டவர்களிலும் பலர் பிழைப்பார்கள். பட்டினியோடு வேலைக் கொட்டகையில் கிடப்பவர் பிழைப்பது அரிது. நோயையும் வேலையையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் பார்க்க முடியாது என்பது என் கருத்து.

மெக்சிகோவின் கதையை விரிவாகச் சொல்ல இன்று நேரமில்லை. 1519-ல் கோர்ட்டெஸ் சில நூறு பேரோடு இறங்கினார். ஆஸ்டெக் பேரரசின் தலைநகரமான டெனோச்டிட்லான் ஏரி நடுவே இருந்தது. அன்றைய ஐரோப்பிய நகரங்களில் பெரும்பாலானவற்றைவிட அது பெரியது. சில நூறு பேர் அதை வென்றார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஆஸ்டெக்குகளுக்குக் கப்பம் கட்டிச் சலித்தவர்களும் அவர்களோடு ஓயாமல் போரிட்டவர்களும் ஆயிரக்கணக்கில் ஸ்பானியர் பக்கம் சேர்ந்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் டிலாஸ்காலா மக்கள். 1520-ல் பெரியம்மை நகருக்குள் புகுந்து புதிய அரசர் குயிட்லாவாக்கையே கொண்டுபோயிற்று. 1521 ஆகஸ்டில் நகரம் விழுந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் மத்திய மெக்சிகோவின் மக்கள்தொகை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்பது பல ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு.

ரப்பர் மரம் சீவியவர்களுக்காக ஒரு செய்தி. இந்த மெக்சிகோ மக்கள் ஒருவகை மரப்பாலோடு கொடி ஒன்றின் சாற்றைக் கலந்து உறையவைத்து, கனமான பந்து செய்து விளையாடினார்கள். அது நம் தோட்டத்து மரமன்று, வேறு இனம். 1528-ல் கோர்ட்டெஸ் அந்த ஆட்டக்காரர்களை ஸ்பெயினுக்கு அழைத்துப்போய் அரசவையில் ஆடிக்காட்டச் செய்தார். அப்படித் துள்ளும் ரப்பர் பந்து ஐரோப்பியருக்குப் புதுமையாக இருந்தது. பாலை உறைய வைக்கும் வித்தை தெரிந்த அந்த மக்களைத்தான் ‘காட்டுமிராண்டிகள்’ என்று எழுதிவைத்தார்கள்.

இனி தென் அமெரிக்காவுக்குப் போவோம். 1532-ல் பிஸ்ஸாரோ 168 பேரோடு கஹமார்க்கா என்ற ஊரில் இன்கா பேரரசர் அதாஹுவால்ப்பாவைப் பிடித்தார். அண்ணன் தம்பிச் சண்டையால் அந்தப் பேரரசு அப்போதுதான் இரண்டுபட்டு ஓய்ந்திருந்தது. ஓர் அறை நிறையத் தங்கமும் இருமடங்கு வெள்ளியும் தருவதாகப் பேரரசர் பேசி, சொன்னபடி கொடுத்தும் விட்டார். வாங்கிக்கொண்டு 1533-ல் அவரைக் கொன்றார்கள்.

அந்த அறையைவிடப் பெரிய புதையல் 1545-ல் கிடைத்தது. இன்றைய பொலிவியாவில் பொத்தோசி என்ற இடத்தில் ஒரு மலை முழுவதும் வெள்ளி. அந்த ஊர் நிற்பது கடல்மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில். நம் கினபாலு மலையின் உச்சி ஏறக்குறைய அந்த உயரம்தான். மரம் முளைக்காத, மூச்சு முட்டும் குளிர்ப் பிரதேசம். அங்கே ஒரு பட்டணம் எழுந்து, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியிருந்தார்கள்.

மலை இருக்கிறது, ஆள் எங்கே? 1570-களில் பெருவை ஆண்ட பிரான்சிஸ்கோ டி தொலேதோ என்ற அரசப் பிரதிநிதி இதற்கு வழி கண்டார். இன்காக்கள் காலத்தில் ‘மித்தா’ என்று ஒரு வழக்கம் இருந்தது. ‘முறை’ என்று பொருள். ஒவ்வொரு குடும்பமும் தன் முறை வரும்போது பொதுவேலைக்கு, சாலை போட, பாலம் கட்டப் போகும். வேலைசெய்யும் நாள்களில் அரசாங்கக் களஞ்சியத்திலிருந்து சோறு கிடைக்கும். தொலேதோ அந்தப் பழைய பெயரை எடுத்துக்கொண்டு, அதற்குள் புதிய சரக்கை வைத்தார். 16 மாகாணங்களிலிருந்து, வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் பொத்தோசிக்குப் போகவேண்டும் என்று கட்டளையிட்டார். ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல். தூரத்து ஊர்க்காரர்கள் மனைவி மக்களோடு, லாமா விலங்குகளின்மேல் மூட்டை ஏற்றி, வாரக்கணக்கில் நடந்தார்கள்.

திங்கள் முதல் சனி வரை சுரங்கம். மெழுகுவர்த்தியைக் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, தோல் கயிற்று ஏணியில், கல்மூட்டையை முதுகில் சுமந்து ஏறவேண்டும். பசியும் களைப்பும் தெரியாமலிருக்கக் கோக்கா இலையை மென்றார்கள். அரைத்த கல்லிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் கலந்தார்கள். அதன் நஞ்சு தோல் வழியும் மூச்சு வழியும் உடம்பில் ஏறியது. பாதரசம் வந்த வாங்கவெலிக்கா சுரங்கத்துக்கு ‘மரணச் சுரங்கம்’ என்றே பெயர். கூலி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தாமாக வேலைக்கு வந்தவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த கூலி. குடும்பத்தின் சாப்பாட்டுக்கே போதாது.

இதைவிடக் கொடியது கணக்குமுறை. ஓர் ஊர் இத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நோயில் பாதிப்பேர் செத்தாலும், பயந்து பலர் ஊரைவிட்டு ஓடினாலும், ஏட்டிலிருந்த எண்ணிக்கை எளிதில் குறையாது. எஞ்சியவருக்கு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வந்த முறை, பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று நெருங்கி வந்தது. ஆள் குறைந்தால் ஊர்த்தலைவர் பணம் கட்டவேண்டும். அந்தத் தலைவரும் பூர்வகுடிக்காரர்தான். நம் கங்காணிமாரைப் போல மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும் நடுவில் நின்றவர். சிலர் அந்த இடத்தில் நின்று சம்பாதித்தார்கள், சிலர் அழிந்தார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது ஸ்பெயினில் யாருமே வாய் திறக்கவில்லையா? திறந்தார்கள். 1511-லேயே அந்தோனியோ டி மொந்தெசினோஸ் என்ற துறவி ஹிஸ்பனியோலாவில், எதிரே ஆட்களின் எசமானர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, எந்த உரிமையில் இந்த மக்களை இப்படி வதைக்கிறீர்கள் என்று கேட்டார். பர்தொலொமே டி லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார் தமக்கு ஒப்படைக்கப்பட்ட ஆட்களை 1514-ல் துறந்து, ஐம்பது ஆண்டுகள் அவர்களுக்காக வாதாடினார். அவருடைய முயற்சியும் சேர்ந்து 1542-ல் புதிய சட்டங்கள் வந்தன. பெருவில் அவற்றைச் செயல்படுத்தப் போன அரசப் பிரதிநிதியை, ஸ்பானியக் குடியேறிகளே 1546-ல் போரில் கொன்றார்கள். அதற்கு முன்பே முக்கியமான விதியை அரசர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பூர்வகுடி மக்களின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று லாஸ் காஸாஸ் ஒரு காலத்தில் யோசனை சொன்னார். பிற்காலத்தில் அதற்காக மனம் வருந்தினார். ஆனால் கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. ஓரிடத்து ஆள் தீர்ந்தால் வேறிடத்திலிருந்து ஆள் ஏற்றும் வழக்கம் அந்தக் கடலில் அப்படி வேரூன்றியது.

நம் பக்கத்துக்கும் ஸ்பானியர் வந்தார்கள். 1511-ல் போர்த்துக்கீசியரோடு மலாக்காவுக்கு வந்த மாஜெல்லன், பின்னர் ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி, 1521-ல் பிலிப்பைன்ஸின் மாக்டான் தீவில் லாப்பு லாப்புவின் ஆட்களால் கொல்லப்பட்டார். மலாக்காவில் அவருக்குக் கிடைத்த என்ரிக் என்ற அடிமைதான் அந்தப் பயணத்தில் மொழிபெயர்ப்பாளர். 1565-ல் ஸ்பானியர் திரும்பி வந்து, 1571-ல் மணிலாவைத் தலைநகராக்கினார்கள். அங்கும் ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலை. மரம் வெட்டிக் கப்பல் கட்ட வேண்டும். அந்தக் கப்பல்களில்தான் மெக்சிகோவின் அக்காப்புல்கோ துறைமுகத்திலிருந்து வெள்ளி மணிலாவுக்கு வந்தது. மணிலாவிலிருந்து சீன வணிகர் கைக்குப் போய், தென்கிழக்காசியா முழுவதும் பரவியது. ஸ்பெயினில் என்ன மிஞ்சியது என்றால், அது தனி வேடிக்கை. விலைவாசி ஏறியது. வெள்ளி வந்த வேகத்தில் போர்ச் செலவுக்கும் வெளிநாட்டு வட்டிக்காரர்களுக்கும் போய்விட்டது. 1557, 1575, 1596 என்று அந்த அரசாங்கம் கடனைக் கட்ட முடியவில்லை என்று கைவிரித்தது.

பொத்தோசியின் முறைவேலை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஓடியது. 1777-ல் ஹோசே காப்ரியேல் கொந்தோர்கான்கி என்ற ஊர்த்தலைவர், லிமா நகருக்குப் போய் மனுக் கொடுத்தார். கோவேறு கழுதைகளில் சரக்கேற்றிச் செல்லும் தொழில் செய்தவர் அவர். எங்கள் ஊரில் ஆளில்லை, பொத்தோசி வேலையிலிருந்து விலக்குத் தாருங்கள் என்று கேட்டார். மனு தள்ளப்பட்டது. வேண்டாத சரக்கைக் கூடுதல் விலைக்குக் கடனாகத் திணித்து வசூலிக்கும் அதிகாரிகளின் கொடுமை வேறு. 1780 நவம்பரில் அவர் தம் மாவட்ட அதிகாரியைப் பிடித்துத் தூக்கிலிட்டு, துப்பாக் அமாரு என்ற பெயரோடு கிளர்ச்சியைத் தொடங்கினார். அது, தொலேதோ 1572-ல் தலைவெட்டிக் கொன்ற கடைசி இன்காவின் பெயர். படைக்கு உணவும் ஆயுதமும் சேர்த்து அனுப்பியவர் அவர் மனைவி மிக்காயெலா பஸ்தீதாஸ். 1781 மே 18-ஆம் நாள் குஸ்கோ நகர மைதானத்தில், கணவர் கண்முன் மனைவியைக் கொன்று, பிறகு அவரையும் கொன்றார்கள்.

அதோடு விடவில்லை. இன்கா உடைகளை உடுத்தக் கூடாது, இன்கா அரசர்களின் படங்களை வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். அந்த மக்களின் கெச்சுவா மொழியே வழக்கொழிய வேண்டும் என்றார்கள். முறைவேலையை 1812-ல் ஸ்பெயினின் நாடாளுமன்றம் சட்டப்படி ஒழித்தது. கெச்சுவா மொழி ஒழியவில்லை. வயலிலும் அடுப்படியிலும் தாலாட்டிலும் அதைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1975-ல் பெரு அரசாங்கம் ஸ்பானிய மொழியோடு கெச்சுவாவையும் ஆட்சிமொழியாக அறிவித்தது. ஆண்டீஸ் மலைநாடுகளில் பல லட்சம் பேருக்கு இன்றும் அதுதான் தாய்மொழி.